முதல் குரலுக்கு வந்த பதில்

கல்யாணமாகிச் செம்பாக்கத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரம். கேட்டுக்கு வெளியே யாரோ "மேடம்" என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். நான் அடுப்படியிலிருந்தே "தோ வரேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இன்னா பொண்ணு நீ? ஆரு எவருன்னு தெரியாம ஒரே கூப்பாட்டுக்கு வாயத் தொறக்கறே. பொழுது சாஞ்சா மூணு வாட்டி கூப்ட்டா தான் பேசணும். விடாம மூணு வாட்டி. அதுக்கு மூணாவது வாட்டி கூப்ட வராது."

'அது' என்றால் எது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஏரி இருக்கிற பக்கம் முகத்தை லேசாகத் திருப்பினார், அவ்வளவுதான். கேட்டில் நின்ற கூரியர்காரர் யாரும் வெளியே வராததால் பார்சலோடு திரும்பிப் போய்விட்டார். அதில் என்னுடைய புதுச் செருப்பு இருந்தது. பேய்க்கு மேடம் என்று கூப்பிடத் தெரியுமா என்று அன்று ராத்திரி என் கணவனிடம் சண்டை போட்டேன். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம்.

அவனுடைய ஆட்கள் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, இப்போது நாலு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இந்தச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. மாமனாரின் பெரியப்பா ஒருவர், மடை திருப்பப் போன இடத்தில் ஏரிப் பக்கமிருந்து வந்த ஒரே குரலுக்கு "வரேன்" என்று சொல்லிவிட்டாராம். காலையில் அவருடைய செருப்பு மட்டும் கரையில் இருந்ததாம். என் கணவனுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். காலிங்பெல் அடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பெல் அடிச்சா ஓகே. அதுக்குக் கரன்ட்னா பயம்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் இருட்டின பிறகு மொட்டை மாடியிலிருக்கும் அவனைச் சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால், விடாமல் மூன்று தடவை கூப்பிட்டால்தான் பதில் வரும். எம்.சி.ஏ. படித்தவன்.

எங்கள் வீட்டுச் சட்டம் இதற்கு நேர் எதிர். நான் கோவளம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். நைனா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவார், அம்மா மீன் விற்பாள். கடலில் ஒரு குரல் கேட்டால் அந்த முதல் குரலுக்கே "ஓ…" என்று நீட்டிப் பதில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நிறுத்திவிடவும் கூடாது. கூப்பிட்ட ஆள் வந்து சேரும்வரை விட்டு விட்டு ஓ சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவன் வருவான். கூப்பிடுகிறவனுக்கும் ஒரு முறை உண்டு. ஒரே ஒரு தடவை கூவிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கத்திக்கொண்டே இருந்தால் வருகிற பதில் எப்படிக் காதில் விழும்?

ஒரு மார்கழிப் பனியில் என் சித்தப்பாவின் போட்டை அலை கவிழ்த்துப் போட்டது. ஒரு தடவை கூவத்தான் அவருக்குத் தெம்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு போட்டிலிருந்து ஓ வந்தது. அதைப் பிடித்து நீந்தி அந்தப் போட்டில் ஏறிப் பிழைத்தவர், இன்றைக்கும் தினம் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறார். "கூவுறவன் மனுசன். ஓன்னு சொல்றவனும் மனுசன். பதில் குட்க்காம கம்முனு கீறான் பாரு, அவன் தான் பேயி," என்பார் நைனா. எங்கள் வீட்டில் முதல் குரலுக்குப் பதில் சொல்லாத பிள்ளைக்கு முதுகில் விழும்.

இப்படிப்பட்ட இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சிறுசேரி ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காதலித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மாமியார் முன்னால் அவனை "என்னங்க" என்பேன். அந்தப் பக்கம் திரும்பினால் "டேய்".

அப்புறம் கம்பெனி என்னை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது. அவன் வேலையை விட்டுவிட்டு டிபெண்டெண்ட் விசாவில் கூட வந்தான். நான் ஆபீசுக்குப் போனதும் வீட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டு, போனில் ஜெர்மன் கற்றுக்கொண்டு, ஜன்னலில் தெரிந்த மலைகளைப் பார்த்தபடி இருந்தவனுக்கு எப்படியோ மலைப் பைத்தியம் பிடித்துவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவன் அவன். செகண்ட் ஹேண்டில் பூட்ஸ் வாங்கி, அதற்கு தினம் எண்ணெய் போட ஆரம்பித்தான்.

மே மாதம். ஊரில் கத்திரி வெயில் கொளுத்துகிறது என்று மாமியார் போனில் அலுத்துக்கொண்ட அதே நாளில், நாங்கள் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் பஸ்ஸில் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போய் இறங்கினோம். அங்கே அதுதான் வசந்த காலத்தின் ஆரம்பம். கீழே புல் பச்சைப்பசேலென்று இருந்தது. மேலே போகப் போகப் பனி உருகி ஊறிய சேறு, அதற்கும் மேலே திட்டுத் திட்டாகப் பழைய பனி. பனி விலகின இடத்திலெல்லாம் இலையே இல்லாமல் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள் தரையை ஒட்டி நின்றன. பஸ் டிரைவர் எங்களை இறக்கிவிடும்போதே, இன்னும் சீசன் ஆரம்பிக்கவில்லை, மேலே யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார். ரோப் கார் ஓடவில்லை. பாதி வழியில் இருந்த ஓட்டலின் ஜன்னல்களை மரப்பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

முதலில் எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லாத அமைதி. கடலோரத்தில் பிறந்தவளுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒரு சத்தம் வேண்டும். இங்கே எங்கள் பூட்ஸ் சத்தம் நின்றால் எல்லாமே நின்றுபோனது. திடீரென்று பக்கத்தில் யாரோ விசிலடித்தார்கள். நான் துள்ளிவிட்டேன். ஆளில்லை. அங்கே மர்மோட் என்று ஒரு பிராணி உண்டு, பெருச்சாளிக்குக் கம்பளி போர்த்திவிட்டது போல இருக்கும். ஆளைக் கண்டால் மனுஷன் மாதிரியே விசிலடிக்கும். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் விசில் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தட்டையான ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதமும் சிப்ஸும் சாப்பிட்டோம். அப்புறம் இறங்க ஆரம்பித்தோம். பாதைக்கு இடது பக்கம் சரிவு. சரிவு முழுக்கப் பனி, அது எங்கோ ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. அதன் அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் மெலிதாக வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் அவன் தலையைத் தடவிப் பார்த்தான்.

"குல்லாவ அங்கயே விட்டுட்டேன்."

அவன் அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி, விமானம் ஏறுகிற அன்று பையில் திணித்த மங்கி குல்லா அது. வெயிலே தெரியாத ஊரில் பிள்ளைக்குக் காது அடைத்துவிடும் என்று அவருக்குப் பயம். போனால் போகட்டும் என்றேன். "அம்மா வீடியோ கால்ல ஃபர்ஸ்ட் அதத்தான் கேப்பாங்க. டூ மினிட்ஸ். நீ இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு வளைவைத் திரும்பி மேலே போனான். பாதையைக் காட்டுவதற்காகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு பாறைக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

மூடுபனி மேலேயிருந்து இறங்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது கீழே பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. அடுப்பில் பால் பொங்கி வருகிற மாதிரி, சத்தமே இல்லாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிவை மூடியது. என் முழங்காலை மூடியது. அப்புறம் நான் நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. அவன் வரவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். எங்கள் குப்பத்தில் கூவுகிற மாதிரியே, அடிவயிற்றிலிருந்து, நீட்டி, ஒரே ஒரு தடவை.

"டே…ய்!"

கூவிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். ஒன்றும் வரவில்லை. நாங்கள் சாப்பிட்ட பாறை ஒன்றும் தொலைவில் இல்லை, என் குரல் கண்டிப்பாக அவனுக்கு எட்டியிருக்கும். எட்டியும் பதில் வராவிட்டால் எங்கள் கணக்குப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான். விழுந்துவிட்டான். பனியில் வழுக்கி, தலையில் அடிபட்டு, வாய் பேச முடியாமல் கிடக்கிறான். வேலையை விட்டுவிட்டு எனக்காக வந்தவனை ஒரு குல்லாவுக்காகத் தொலைத்துவிட்டேன், அவன் அம்மாவிடம் என்னவென்று சொல்லப்போகிறேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பதில் வந்தது.

"ஓ…"

இடது பக்கத்திலிருந்து. சரிவுக்குக் கீழேயிருந்து. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாதபடி பனிக்குள் அமுங்கி வந்தது. ஆனால் அது எங்கள் ஊர் ஓ. முதலில் மெல்ல எடுத்து, நீட்டி, கடைசியில் தாழ்த்தி விடுகிற ஓ. எனக்கு உயிர் திரும்பி வந்தது. சறுக்கிக் கீழே போய்விட்டிருக்கிறான், ஆனால் பேசுகிறான், அது போதும் என்று நினைத்தேன். பாதையை விட்டு இறங்கிப் பனியில் கால் வைத்தேன்.

நான் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இரண்டாவது ஓ வந்தது, முன்னைவிடப் பக்கத்தில். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. அதுதானே முறை? கூப்பிட்டவள் வந்து சேரும்வரை குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பனியில் குத்திக் குத்தி இறங்கினேன். கீழே தண்ணீர்ச் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மூன்றாவது ஓ வந்தபோது பேசுகிற தூரத்தில் இருந்தது. "தோ வரேன்," என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நொடியில் வலது கால் தொடைவரைக்கும் பனிக்குள் இறங்கிவிட்டது. பாதத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. அதற்கும் கீழே, இருட்டில், தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கையாலும் பனியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

பயத்தில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முட்டாள், இதைத் தாண்டி எப்படிக் கீழே போய்ச் சேர்ந்தான், முதல் தடவை கூப்பிட்டபோதே பதில் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே ஒரு தடவை கூப்பிட்டால் வாய் திறக்காது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், திட்டின வார்த்தையிலேயே அப்படியே நின்றுவிட்டேன்.

அவன் அந்த வீட்டுப் பிள்ளை. கண்ணை மறைக்கிற மூடுபனியும் அவனுக்கு இருட்டுதான்; மூன்று தடவை கூப்பிடாமல் அவன் வாய் திறக்க மாட்டான். நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

அப்படியானால் ஓ சொன்னது யார்?

அந்த ஓவை அவன் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர்க் கரையில் பிறக்காதவர்களுக்கு அது வராது. பனிக்குள்ளே, எனக்கு எதிரே, அது பேசாமல் இருந்தது. நான் பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

காலை மெல்ல உருவி எடுத்து, முதுகாலேயே கொஞ்சம் மேலே நகர்ந்தேன். பள்ளத்துக்கு முதுகைக் காட்டுவதற்குத்தான் அதிக தைரியம் வேண்டியிருந்தது. பாதை இருக்கிற பக்கம் திரும்பி, வெட்டவெளியில் முதல் முறையாக எங்கள் வீட்டு முறையை மீறி, மூச்சு விடாமல் கத்தினேன்.

"டேய்! டேய்! டேய்!"

"இங்கதான்டி இருக்கேன்! நகராத! நான் வரேன்!"

மேலேயிருந்து, பாதைப் பக்கமிருந்து, தெளிவாக வந்தது. ஒரு கல் உருண்டது. அப்புறம் பூட்ஸ் சத்தம். வழியெல்லாம் அவனைப் பேசிக்கொண்டே வரச் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல், அன்றைக்குக் காலையில் புளிசாதத்துக்கு என்னென்ன போட்டான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை. அவன் கை என் கைக்கு எட்டியபோது மற்றொரு கையில் குல்லாவைப் பிடித்திருந்தான்.

"நீ எதுக்குக் கீழ எறங்கினே?"

"நீ தானே ஓன்னு குரல் குடுத்தே."

"நான் வாயே தொறக்கலயே," என்றான். சொல்லிவிட்டு என்னைத் தாண்டிக் கீழே பார்த்தான். அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வா, போலாம்," என்று மட்டும் சொன்னான்.

பாதைக்கு ஏறி, பட்டை அடித்த பாறைக்குப் பக்கத்தில் மூடுபனி விலகும்வரை ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்த மாதிரியே அது திடீரென்று போனது. சரிவு முழுக்க வெயில். என்னுடைய காலடித் தடங்கள் நேராக இறங்கிப்போய் ஒரு குழியில் முடிந்தன. அந்தக் குழிக்கு அப்பால் இரண்டு எட்டு தூரத்தில் பனி உடைந்து கறுப்பாக வாய் பிளந்திருந்தது. வேறு எந்தத் தடமும் அங்கே இல்லை. பஸ்ஸில் அவன் குல்லாவை மாட்டிக்கொண்டு, காதை நன்றாக மூடிக்கொண்டான்.

ஆபீசில் சொன்னபோது எதிரொலி என்றார்கள். இருக்கலாம். ஆனால் எதிரொலி உடனே வரும். இது யோசித்துவிட்டு வந்தது. கூப்பிடாத போதும் வந்தது. நைனாவிடம் போனில் சொன்னேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற மனுஷன், அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. "நீ திருப்பிக் கொரல் குட்த்தியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "நல்லதாப் போச்சு," என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ப்ராஜெக்ட் முடிந்து நாங்கள் செம்பாக்கத்துக்கே திரும்பி வந்தோம். அன்றைக்கு மலையில் அவனுக்கு என்ன நடந்தது என்பதை அவன் இங்கே வந்துதான் சொன்னான். நல்ல வெயில் நேரம், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். நானாகக் கேட்கவில்லை.

"நீ டேய்னு கூப்ட்டது எனக்குக் கேட்டுது. பதில் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அதுக்குள்ள பள்ளத்துப் பக்கத்துலேர்ந்து இன்னொரு தடவை கேட்டுது. அதுவும் உன் குரல்தான். எது நீன்னு தெரியல. எது மூணு தடவை கூப்பிடுதோ அதுதான் நீன்னு பேசாம ஒக்காந்துட்டேன்."

"அதுவும் டேய்னு தான் கூப்ட்டுச்சா?"

அவன் கையிலிருந்த சட்டையை இரண்டு தரம் உதறினான். "என்னங்கன்னு."

அந்தச் சொல்லை இந்த வீட்டில், அவன் அம்மா முன்னால் மட்டும்தான் நான் சொல்வேன். அன்றைக்கு அந்த மலையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அது தெரிய வழியில்லை.

இப்போதெல்லாம் நாங்கள் தலைகீழாக மாறிப்போயிருக்கிறோம். அவனுடைய மௌனத்தால்தான் நான் அந்தப் பனியில் இறங்கினேன் என்பது அவனை விடவில்லை. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதறிக்கொண்டு பதில் சொல்கிறான். அவன் அம்மா எவ்வளவு திட்டினாலும் கேட்பதில்லை. நான்தான் இருட்டினால் மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருக்கிறேன். மாமியாருக்கு அதில் பரம சந்தோஷம். ஆனால் ஏரிப் பக்கம் யாராவது ஒரே ஒரு தடவை கூவிவிட்டு ஓய்ந்தால், என் சித்தப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. யாருக்காவது ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருந்திருந்தால்? அப்போது என்னால் உட்கார முடிவதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அவன் கையைப் பிடித்துக்கொண்டு கரைவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆகாயத்தாமரை மட்டும்தான் இருக்கும்.

போன வாரம் சாயங்காலம் கரன்ட் போய்விட்டது. நான் மாடி அறையில் இருந்தேன். மெழுகுவர்த்தி எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காகப் படிக்கட்டுத் தலைப்பில் நின்று, "டேய்," என்றேன்.

"ஓ…" என்று கீழே இருட்டிலிருந்து உடனே வந்தது.

மலையிலிருந்து வந்த பிறகு எனக்காகவே பழகிக்கொண்ட ஓ. இன்னும் சரியாக வராது அவனுக்கு. அன்றைக்கு மட்டும் நன்றாக வந்திருந்தது. முதலில் மெல்ல எடுத்து, நீட்டி, கடைசியில் தாழ்த்தி. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மலையில் செய்த மாதிரி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது, நாக்கு எழவில்லை.

நான் ஏன் பேசவில்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டாவது குரலுக்கு அவன் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு படியாகச் சத்தம் வரும்படி காலை அழுத்தி வைத்து ஏறி வந்தான். கடைசிப் படிக்கு முன்னால் நின்று, போனிலிருந்த டார்ச்சைப் போட்டு, வெளிச்சத்தைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினான். கண் கூசி, கண்ணீர் வழிய, நான் பார்த்து முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.